மூடாக்கு போட்டும் செடி சோர்கிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

சருகோ வைக்கோலோ போட்டு மண்ணை மூடிய பிறகு செடிக்கு எது நடந்தாலும் பழி மூடாக்கின் மேல்தான் விழுகிறது. "இதைப் போட்டதிலிருந்துதான் இப்படி" என்பார்கள். தோட்டம் பார்க்கக் கூப்பிடுகிற வீடுகளில் நான் பெரும்பாலும் காண்பது இரண்டே விஷயம். ஒன்று, மேலே ஊற்றிய தண்ணீர் மண்ணுக்குப் போய்ச் சேரவில்லை. இன்னொன்று, அக்னி நட்சத்திரத்துக்குப் போட்ட கனம் ஐப்பசி மழையிலும் அப்படியே கிடக்கிறது. மற்ற காரணங்களெல்லாம் இவற்றுக்குப் பின்னால்தான் வரும்.

இங்கே சொல்வது தமிழ்நாட்டுச் சமவெளியின் வீட்டுத் தோட்டத்துக்கும் மாடித் தோட்டத்துக்கும் பொருந்தும். மலைக்கு மட்டும் தனியாக ஓர் இடத்தில் சொல்லியிருக்கிறேன். உங்கள் செடியில் தெரிகிற அறிகுறிக்கு நேராகப் போய்விடலாம், ஆனால் முதல் சோதனையை யாரும் தாண்ட வேண்டாம்.

## எந்த அறிகுறியானாலும் முதல் சோதனை

குச்சியால் மூடாக்கை ஒருமுறை கிளறுங்கள். தேள், பூரான் இருந்தால் நகர்ந்துவிடும். பிறகு மூடாக்கை விலக்கி, நடுவிரலை மண்ணுக்குள் முழுசாக இறக்குங்கள். விரல் நுனியில் ஈரம் தெரிகிறதா? எடுத்து மோந்தால் மண்வாசனையா, புளிச்ச வாடையா? தண்டுக்கும் மூடாக்குக்கும் நடுவே வெறும் மண் தெரிகிறதா, இல்லை சருகு தண்டோடு ஒட்டிக் கிடக்கிறதா?

கையோடு கனத்தையும் பாருங்கள். தரைச் செடிக்கு மாசிக் கடைசியிலிருந்து கோடை முழுக்க நாலு விரல் கனம் வேண்டும். புரட்டாசி முடிவதற்குள் அதைப் பாதியாக்கிவிட வேண்டும், ஏனென்றால் வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கிவிடும். தொட்டிக்கும் குரோ பேக்குக்கும் எந்தக் காலத்திலும் இரண்டு விரலுக்கு மேல் தேவையில்லை.

## அறிகுறி: செடி வாடித் தொங்குகிறது

### மத்தியானம் மட்டும் வாடி, சாயங்காலம் நிமிர்ந்தால்

ஒன்றும் செய்ய வேண்டாம். பூசணி, பீர்க்கு, கத்தரி எல்லாம் மே மாத வெயிலில் அப்படித்தான் இருக்கும். இதைப் பார்த்துப் பதறி மத்தியானம் ஒரு குடம் ஊற்றுகிறவர்கள்தான் பிறகு வேரழுகலோடு வருகிறார்கள். மறுநாள் காலை ஆறு மணிக்குப் பாருங்கள். அப்போதும் வாடியிருந்தால் மட்டும் கீழே படியுங்கள்.

### காலையிலேயே வாடி, மண் காய்ந்திருந்தால்

தண்ணீர் ஊற்றும் முறையில்தான் கோளாறு. பூவாளியால் மேலாகத் தெளித்தால் வைக்கோலும் சருகும் அதைக் குடித்துவிட்டு வெயிலில் ஆவியாக்கிவிடும். மேல்பக்கம் நனைந்து பளபளக்கும், ஒரு விரல் கீழே மண் புழுதியாக இருக்கும். "தினம் ரெண்டு வேளை ஊத்துறேனே தம்பி" என்று சொன்ன ஓர் அக்கா வீட்டில் மூடாக்கை விலக்கிக் காட்டினேன். தக்காளியைச் சுற்றி எறும்பு மண்ணை அள்ளிக்கொண்டிருந்தது, அவ்வளவு காய்ச்சல்.

எளிதிலிருந்து தொடங்குங்கள்:

- மூடாக்கை ஒரு பக்கம் ஒதுக்கி, மண்ணிலேயே மெதுவாக ஊற்றி, பிறகு மூடுங்கள். தினமும் கொஞ்சமாக ஊற்றுவதை விட ஒருநாள் விட்டு ஒருநாள் ஆழமாக ஊற்றுவது நல்லது.
- சொட்டு நீர்க் குழாய் மூடாக்குக்கு மேலே ஓடினால் அதை அடியில் போடுங்கள். ஒவ்வொரு சொட்டானும் சொட்டுகிறதா என்று மூடுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். பிறகு பார்க்க மாட்டீர்கள்.
- தேங்காய் நார்க்கழிவை மூடாக்காகப் போட்டு அது முழுக்கக் காய்ந்திருந்தால், தண்ணீரை உள்ளே விடாமல் ஓரமாக வழித்துவிடும். கையால் கிளறி, தண்ணீர் தெளித்துப் பத்து நிமிடம் விட்டு மறுபடி ஊற்றுங்கள்.
- தொட்டியில் ஊற்றியதும் அடித்துளை வழியாகத் தண்ணீர் சடக்கென்று வெளியே வந்தால், மண் சுருங்கித் தொட்டிச் சுவரை விட்டு விலகியிருக்கிறது. தொட்டியோடு தூக்கி ஒரு பக்கெட் தண்ணீரில் அரை மணி நேரம் வையுங்கள்.

### காலையிலேயே வாடி, மண் சொதசொதவென்று இருந்தால்

இது மழைக்கால நோய். வேர் மூச்சுத் திணறி நிற்கிறது. மூடாக்கை முழுசாக அள்ளி ஓரமாகக் காய விடுங்கள், தண்ணீரை நிறுத்துங்கள். தொட்டியின் அடித்துளையை ஒரு கம்பியால் குத்திப் பாருங்கள். பாதி நேரம் அங்கேதான் அடைப்பு. தரையில் என்றால் செடியைச் சுற்றிப் பாத்தியை உடைத்து, நீர் வெளியேற ஒரு கோடு வெட்டுங்கள். களிமண் நிலத்தில் வருஷா வருஷம் இதுதான் கதை என்றால், அடுத்த பட்டத்தில் பாத்தியை ஒரு சாண் உயர்த்துவதைத் தவிர வழியில்லை. ஆள் கூலி ஆகும், ஆனால் ஒரே தடவைச் செலவு.

### ஈரம் சரியாக இருக்கிறது, இலை பச்சையாகவே தொங்குகிறது

தக்காளி, கத்தரி, மிளகாயில் இப்படி வந்தால் பாக்டீரியா வாடல் என்று சந்தேகப்படலாம். செடியின் அடித்தண்டிலிருந்து விரல் நீளத் துண்டை வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் ஊற்றி, வெட்டுவாய் மட்டும் நீரில் படும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால் நிறத்தில் மெல்லிய நூல் போல இறங்கினால் அதுதான். செடிக்கு மருந்தில்லை. வேரோடும் வேரைச் சுற்றிய மண்ணோடும் எடுத்துக் குப்பைக்கு அனுப்புங்கள், உரக்குழியில் போடாதீர்கள். அந்தச் செடியைச் சுற்றிக் கிடந்த மூடாக்கும் கூடவே போக வேண்டும். வேறு பாத்திக்கு மாற்றினால் நோயையும் சேர்த்து மாற்றியதாகிவிடும். கிருமி மண்ணில் வருடக்கணக்கில் இருக்கும். அதே இடத்தில் கத்தரிக் குடும்பத்தை வைக்காமல் கீரை, வெண்டை, சோளம் என்று மாற்றுங்கள்.

நூல் இறங்கவில்லையா? செடியைப் பிடுங்கி வேரைக் கழுவுங்கள். வேரெங்கும் சின்னச் சின்ன முடிச்சு இருந்தால் நூற்புழு, வேருக்குள் வாழும் கண்ணுக்குத் தெரியாத புழு. வேப்பம் புண்ணாக்கும், அடுத்த பட்டத்தில் துலுக்கச் சாமந்தியும் உதவும். இரண்டும் இல்லை, வாடிய செடியின் எண்ணிக்கையும் ஏறுகிறது என்றால் செடியை வேரோடு பாலித்தீன் பையில் போட்டு, பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ வேளாண் கல்லூரியின் நோயியல் துறைக்கோ கொண்டுபோய்க் காட்டுங்கள். போட்டோ மட்டும் அனுப்பினால் யாரும் ஊகிக்கத்தான் முடியும்.

## அறிகுறி: தண்டின் அடி கறுத்து மெத்தென்று ஆகிறது

எல்லா அறிகுறியிலும் இதற்குத்தான் நான் அவசரப்படுவேன். தண்டைச் சுற்றிச் சருகைக் குவித்து, "குளிருக்கு இதமாக" ஒட்டி வைப்பதுதான் முதல் காரணம். காய்கறிச் செடிக்கு நாலு விரலும், மா, கொய்யா, எலுமிச்சைக்கு ஒரு சாணும் சுற்றிலும் வெறும் மண் தெரிய வேண்டும்.

செய்ய வேண்டியது: மூடாக்கை விலக்குங்கள். கறுத்த இடத்தை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். கீழே பச்சை தெரிந்தால் பிழைக்கும். பழுப்பாக, ஈரமாக, தண்டைச் சுற்றி வளையம் முழுக்கப் போயிருந்தால் அந்தச் செடியை விட்டுவிடுங்கள். அரை வளையம்தான் போயிருக்கிறது என்றால் இரண்டு நாள் வெயில்பட விட்டு, டிரைக்கோடெர்மா விரிடி என்கிற, நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சையை மக்கிய தொழுவுரத்தில் கலந்து அடியில் போடுங்கள்.

பப்பாளி தனி ரகம். ஐப்பசி, கார்த்திகையில் அடி அழுகினால் ஒரே வாரத்தில் சாய்ந்துவிடும். மழைக்காலத்தில் பப்பாளியின் அடியில் மூடாக்கே வேண்டாம் என்பது என் கட்சி. ஆரம்ப நிலையில் 1 சதவீத போர்டோ கலவையை அடியில் ஊற்றலாம்: ஒரு லிட்டருக்கு மயில்துத்தம் (தாமிர உப்பு) 10 கிராம், சுண்ணாம்பு 10 கிராம், இரண்டையும் தனித்தனியாகக் கரைத்துப் பிறகு கலக்க வேண்டும், பிளாஸ்டிக் வாளியில்தான். போர்டோ ஊற்றிய இடத்தில் உடனே டிரைக்கோடெர்மா போடாதீர்கள். தாமிரம் அதையும் கொன்றுவிடும்.

காய்க்கிற பெரிய மரத்தின் அடிப்பட்டை வெடித்துப் பிசின் வடிகிறது என்றால் வீட்டு வைத்தியத்தோடு நிற்காதீர்கள். தோட்டக்கலை அலுவலரைக் கூப்பிடுங்கள். மரம் வீட்டுப் பக்கம் சாய்ந்திருந்தால் இன்னும் சீக்கிரமாக.

## அறிகுறி: மூடாக்கில் வெள்ளைப் பூஞ்சை, காளான்

சருகுக்குள் வெள்ளை நூல் ஓடுவது நல்ல சங்கதி. மக்குகிறது என்று அர்த்தம். காளான் முளைத்தால் குழந்தைகள் வாயில் வைக்காமல் பிடுங்கிப் போடுங்கள், வேறு வேலை இல்லை. மழைக்குப் பிறகு மஞ்சளாகக் கொழகொழவென்று ஒன்று பரவும், அருவருப்பாகத் தெரியும், செடியை ஒன்றும் செய்யாது.

ஆனால் வெள்ளை நூல் தண்டின் அடியில் விசிறி போல விரிந்து, அதன் மேல் கடுகு அளவில் பழுப்பு உருண்டைகள் உட்கார்ந்திருந்தால் கதை வேறு. அது ஸ்கிளிரோஷியம் என்கிற அடியழுகல் பூஞ்சை. நிலக்கடலை, மிளகாய், தக்காளி எதையும் விடாது. அந்த உருண்டைகள்தான் அடுத்த வருஷத்துக்கான விதை. கிளறாமல், செடியை ஒரு கை ஆழ மண்ணோடு தோண்டிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். அந்த இடத்தில் சில மாதம் மூடாக்கு போடாமல் வெயில்பட விடுங்கள்.

## அறிகுறி: இலை மஞ்சளாகிறது

அடி இலை முதலில் மஞ்சள், மண் ஈரம் சரி: பச்சை மரத்தூளையோ இழைப்புச் சீவலையோ மண்ணோடு கொத்திக் கலந்தீர்களா என்று யோசியுங்கள். அதை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தைத் தாங்களே எடுத்துக்கொள்ளும். மேலே கிடந்தால் தொந்தரவு குறைவு, உள்ளே போனால்தான் சிக்கல். முடிந்தவரை பொறுக்கி வெளியே எடுத்து, கடலைப் புண்ணாக்கை ஊறவைத்த நீரை நன்றாக விளாவி வாரம் ஒருமுறை ஊற்றுங்கள். பஞ்சகவ்யம் தெளித்தால் லிட்டருக்கு 30 மில்லி போதும்.

அடி இலை மஞ்சள், மண் சொதசொத: மேலே வேர் மூச்சுத் திணறலுக்குச் சொன்னதைச் செய்யுங்கள். உரம் போடாதீர்கள்.

நுனிக் கொழுந்து மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை: இரும்புச் சத்துக் குறை. சுண்ணாம்பு மண்ணிலும் உப்பான போர் தண்ணீரிலும் சகஜம். மூடாக்குக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அன்னபேதி உப்பு (இரும்பு உப்பு) 5 கிராம் ஒரு லிட்டர் தண்ணீரில், அரை எலுமிச்சம்பழச் சாறு சேர்த்துச் சாயங்காலம் தெளியுங்கள். பத்து நாளில் புதுக் கொழுந்து பச்சையாக வராவிட்டால் மண்ணையும் தண்ணீரையும் மாவட்ட மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துவிடுங்கள். கட்டணம் மிகக் குறைவு. ஊகத்தில் வாங்குகிற நுண்ணூட்டப் பாக்கெட்டின் விலையில் பல தடவை பரிசோதிக்கலாம்.

இலை ஓரம் கருகுகிறது: கழுவாத தேங்காய் நார்க்கழிவில் உப்பு இருக்கும். கட்டியாக வாங்கியதை இரண்டு, மூன்று தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகே போடுங்கள். போட்டுவிட்டீர்கள் என்றால் எடுத்துவிட்டு, தொட்டியில் நல்ல தண்ணீரை அடித்துளை வழியாக வடியும்படி தாராளமாக ஊற்றுங்கள்.

## அறிகுறி: கறையான் ஏறிவிட்டது

வைக்கோல், தென்னை மட்டை, கரும்புச் சோகை போட்ட காய்ந்த செம்மண் தோட்டங்களில் கட்டாயம் வரும். அது தின்பது பெரும்பாலும் செத்ததைத்தான், அதனால் பதறாமல் தண்டைப் பாருங்கள். மண்பூச்சு மூடாக்கோடு நின்றிருந்தால் அந்த இடத்தைக் கிளறி நன்றாக நனைத்தால் போதும், கறையானுக்குக் காய்ந்த இடம்தான் பிடிக்கும். தண்டில் ஏறியிருந்தால் பூச்சைத் துடைப்பத்தால் தட்டிவிட்டுப் பட்டையைச் சுரண்டிப் பாருங்கள். புதிதாக நட்ட மாங்கன்றுக்கு மட்டும் நிஜமான ஆபத்து உண்டு, கோடையில் வேரையே அரித்துவிடும். கன்றைச் சுற்றி வேப்பம் புண்ணாக்கு கலந்து, மட்டைக்குப் பதில் பச்சைத் தழை, கிளைரிசிடியா (தழையுர மரம்) இலை என்று சீக்கிரம் மக்குவதை மெல்லிசாகப் போடுங்கள்.

வீட்டுச் சுவரை ஒட்டி மூடாக்கு வேண்டாம், ஒரு முழம் வெறுமையாக விடுங்கள். சுவரிலோ கதவு நிலையிலோ மண்கோடு தெரிந்தால் அது தோட்ட வேலை எல்லையைத் தாண்டிவிட்டது. கறையான் ஒழிப்பு ஆட்களைத்தான் கூப்பிட வேண்டும். அவர்கள் அடிக்கும் மருந்து காய்கறிப் பாத்திக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

## அறிகுறி: இரவில் யாரோ இலையைத் தின்கிறார்கள்

மழை தொடங்கியதும் ஓர் இரவு எட்டு, ஒன்பது மணிக்கு டார்ச்சோடு போங்கள். காலையில் இலையில் காய்ந்த வெள்ளிக் கோடு தெரிந்தால் நத்தைதான். கனமான ஈர மூடாக்கு அதற்குப் பகல் வீடு.

முதல் வேலை, கனத்தைக் குறைப்பது. இரண்டாவது, நனைந்த சாக்கை மடித்துப் பப்பாளி இலையோ முட்டைக்கோஸ் இலையோ உள்ளே வைத்துச் சாயங்காலம் பாத்தியில் போடுவது. காலையில் சாக்குக்குள் கூட்டமாக உட்கார்ந்திருக்கும். உப்புக் கரைசல் வாளியில் போட்டுக் கொன்று புதையுங்கள். உப்பை மண்ணில் தூவாதீர்கள், செடி போய்விடும். ஆப்பிரிக்க ராட்சத நத்தையை வெறுங்கையால் தொடவே கூடாது. மூளை உறையைத் தாக்கும் ஒட்டுண்ணி அதில் இருக்கலாம். அந்தப் பாத்திக் கீரையை நன்றாகக் கழுவி, வேகவைத்தே சாப்பிடுங்கள். கடையில் விற்கும் மெட்டல்டிஹைடு என்கிற நத்தைக்கொல்லி வில்லை நாய்க்கும் குழந்தைக்கும் விஷம், அதனால் வீட்டுத் தோட்டத்துக்கு நான் சொல்வதில்லை. தெரு முழுக்க நத்தை என்றால் உங்கள் பாத்தியை மட்டும் காப்பாற்ற முடியாது. உள்ளாட்சியிலும் தோட்டக்கலைத் துறையிலும் சேர்ந்து சொல்லுங்கள்.

மரவட்டையை விட்டுவிடுங்கள். அது சருகு தின்கிற ஜாதி.

## அறிகுறி: கிளறினால் கொழுத்த வெள்ளைப் புழு

தலை பழுப்பாக, உடல் பாதி வளையமாகச் சுருண்டிருக்கும். தொட்டியில் இருந்தால் வேரைத் தின்னும், பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள். வீட்டில் தென்னை இருந்தால் மட்டையையும் எருவையும் குவியலாக மாதக்கணக்கில் விடாதீர்கள். காண்டாமிருக வண்டு அங்கேதான் முட்டையிடும், வளர்ந்தபின் குருத்தைக் குடையும். குருத்தோலை கத்தரியால் வெட்டியது போல விரிந்தால் மரமேறுபவரைக் கூப்பிட்டுக் கொண்டையைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

## அறிகுறி: நாற்றம், களை, முளைக்காத விதை

புளிச்ச நாற்றம் வந்தால் பச்சைப் புல்லையோ சமையலறைக் கழிவையோ தடியாகப் போட்டிருக்கிறீர்கள். அள்ளி, இரண்டு நாள் காயவைத்து, மெல்லிசாகப் பரப்புங்கள்.

களை வந்தால் கனம் போதவில்லை. வைக்கோலில் நெல் முளைத்தால் பிடுங்கிப் போட்டால் முடிந்தது. கோரைக்கு மட்டும் மூடாக்கு தீர்வாகாது, பிளாஸ்டிக் சீட்டையே துளைத்துக்கொண்டு வரும். கிழங்கோடு தோண்டத்தான் வேண்டும்.

விதைத்த பாத்தியில் கீரையும் கொத்தமல்லியும் முளைக்கவில்லை என்றால், மூடாக்கை எடுத்துவிட்டு நாற்று ஒரு சாண் ஆன பிறகு போடுங்கள். தைல மரத்து இலையைப் போட்டிருந்தால் முழுக்க அகற்றுங்கள், அது முளைப்பையே தடுக்கும்.

## அறிகுறி: மூடாக்குக்குள் பாம்பு, அல்லது பாம்புச் சட்டை

கண்ணாடி விரியன் சருகு நிறத்திலேயே இருக்கும், காலை வைக்கும் வரை தெரியாது. பார்த்தால் அடிக்கப் போகாதீர்கள். தூரத்தில் நின்று கண்ணை எடுக்காமல், தீயணைப்புத் துறையை 101 அல்லது 112-இல் கூப்பிடுங்கள். கடித்துவிட்டால் கட்டுப்போடவோ கீறவோ வேண்டாம். 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து இருக்கிற அரசு மருத்துவமனைக்கு உடனே போங்கள்.

வந்ததற்குக் காரணம் பெரும்பாலும் எலி. மூடாக்கில் வளை தெரிகிறதா பாருங்கள். நடைபாதைக்கு இரண்டு பக்கமும் வெறும் மண்ணாக வைத்து, சருகுக் குவியலை வாசலிலிருந்து தள்ளி மாற்றுங்கள்.

## அறிகுறி: பனிக்குப் பிறகு இலை கறுக்கிறது (நீலகிரி, கொடைக்கானல்)

மார்கழி, தையில் உறைபனி விழும் இடத்தில் மூடாக்கு வேரைக் காக்கும், இலையைக் காக்காது. கனமான வைக்கோல் மண்ணின் பகல் சூட்டை மேலே வரவிடாமல் தடுப்பதால், மேலே நிற்கும் மென்மையான செடி வெறும் மண்ணில் இருப்பதை விடக் கூடுதலாகவே கருகலாம். உறைபனி எதிர்பார்க்கும் மாலையில் மண்ணை நனைத்து, செடியின் மேலேயே தழையாலோ சாக்காலோ மூடி, வெயில் வந்ததும் எடுங்கள். கறுத்த இலையை உடனே வெட்டாதீர்கள், பனி முடியட்டும்.

## அறிகுறி: மாடியில் சருகு பறக்கிறது, கூரை ஒழுகுகிறது

ஆடிக் காற்றுக்குச் சருகு நிற்காது. லேசாக நனைத்து, மேலே தேங்காய் நாரையோ பழைய வலையையோ பரப்பி, ஓரத்தில் சின்னக் கல் வையுங்கள். பறந்த சருகு மழைநீர்க் குழாய் வாயில் போய் அடைத்துக்கொள்ளும், ஐப்பசியில் மாடி குளமாகும். குழாய் வாய்க்கு இரும்பு வலை போட்டு, ஒவ்வொரு பெருமழைக்கு முன்னும் பின்னும் கையால் சுத்தம் செய்யுங்கள். தொட்டியைச் செங்கல் மேல் ஏற்றினால் அடியில் ஈரம் தேங்காது.

கீழ்வீட்டுக் கூரையில் ஈரக்கறை தெரிந்தால் தொட்டிகளை அந்த இடத்திலிருந்து நகர்த்தி, மூன்று நாள் அங்கே தண்ணீர் படாமல் பாருங்கள். கறை காய்ந்தால் தொட்டி வடிகால்தான் காரணம், தட்டு வைத்துச் சமாளிக்கலாம். காயாமல் பரவினாலோ, சிமெண்ட் உதிர்ந்து கம்பி தெரிந்தாலோ கொத்தனாரை அல்ல, கட்டடப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். அவர் பார்த்துச் சொல்லும் வரை மாடியில் ஒரு தொட்டிகூட ஏற்ற வேண்டாம்.